ஆனந்தரங்கர் மாளிகையும் மரபுக் கட்டடக் காப்பும்

முன்னுரை

மணிமங்கலம் என்னும் பெயரைக் கேட்டவுடன் வரலாறு பயின்றோர் நெஞ்சில் போர்முரசம் ஒலிக்கும். ஏழாம் நூற்றாண்டின் முற்பாதியில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைப் புறங்கண்ட களங்களுள் இவ்வூரும் ஒன்று. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என அக்களங்களைக் கூரம் செப்பேடு வரிசைப்படுத்திக் கூறுகின்றது. சோழர் காலத்திலும் இவ்வூர் சிறப்புற்றிருந்தது. வீரராசேந்திரனின் கூடல்சங்கமப் போர் வெற்றியை விரித்துரைக்கும் மெய்க்கீர்த்தி மணிமங்கலத்துக் கோயிற் கல்லில் பொறிக்கப் பெற்றுள்ளது. மன்னர் பெயரும் போரின் பெயரும் கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தின் அளவும் கல்லில் எழுதப்பட்டமையால் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன.

ஆயின், அக்கோயிலைச் சுற்றி வாழ்ந்த மக்கள் எத்தகைய வீட்டில் வாழ்ந்தனர்? அவ்வீட்டின் முற்றம் எவ்வளவு அகன்றது? திண்ணை எத்திசை நோக்கியது? இவ்வினாக்களுக்குக் கல்வெட்டு விடை தருவதில்லை. மண்ணாலும் மரத்தாலும் சுண்ணாம்பாலும் ஆன இல்லங்கள் காலவெள்ளத்தில் கரைந்து போயின. கோயிலைக் காத்த நம் முன்னோர் வீட்டைக் காக்க வேண்டிய பொருளாகக் கருதவில்லை. வீடு பழுதுற்றால் இடித்துப் புதிது கட்டுவதே உலக வழக்கமாக இருந்தது.

மேலை நாடுகளில், குறிப்பாகப் பிரான்சு நாட்டில், பழம் பிரபுக்கள் வாழ்ந்த இல்லங்களையும் நாட்டின் பொதுச் செல்வமாக மதித்துச் சட்டத்தின் துணையால் காக்கும் நெறி உண்டு. பிரெஞ்சுத் தொடர்புடைய பிரபு ஒருவரின் இல்லம் நம் தமிழ் மண்ணிலும் உண்டு என்பதும், அவ்வில்லத்திற்குரியவர் நம் வட்டாரத்தோடும் தொடர்புடையவர் என்பதும் மாணவர் பலரும் அறியாதன. புதுச்சேரியில் உள்ள ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையே அது. அம்மாளிகையின் வரலாற்றையும் அதன்வழி நாம் பெறத்தக்க பாடத்தையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆனந்தரங்கர்

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை, உறவினர் நைனியப்ப பிள்ளையின் அழைப்பை ஏற்றுப் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தவர். 1726-இல் தந்தையார் மறைந்தபின் இளைஞரான ஆனந்தரங்கர் பிரெஞ்சு வணிகக் குழுவின் பணியில் அமர்ந்தார். ஆளுநர் லெனுவார் காலத்தில் பரங்கிப்பேட்டையிலிருந்த பிரெஞ்சுப் பண்டகசாலையின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப் பெற்றது. மரக்கலம் ஓட்டும் முசுலிம் வணிகர்கள் நிறைந்த அத்துறைமுகத்தில் பெற்ற பட்டறிவு அவருடைய வணிக வாழ்வுக்கு அடிப்படையாயிற்று எனலாம். பின்னாளில் 'ஆனந்தப் புரவி' என்னும் பெயரில் அவருக்குச் சொந்தமாகக் கப்பலே இருந்தது.

டூப்ளே 1742 முதல் 1754 வரை புதுச்சேரியின் ஆளுநராக விளங்கினார். அவர் காலத்தில், 1747-இல், ஆனந்தரங்கர் தலைமைத் துபாசியாக உயர்ந்தார். துபாசி என்பது இருமொழியாளர் எனப் பொருள்படும் வடசொல் வழி வந்தது. அச்சொல் மொழிபெயர்ப்பாளர் என்ற அளவில் நின்றுவிடவில்லை. பிரெஞ்சுக்காரருக்கும் இந்நாட்டு வணிகருக்கும், ஆளுநருக்கும் ஆர்க்காட்டு நவாபின் அவைக்கும் இடையே நின்று பேசியும் எழுதியும் கணக்குப் பார்த்தும் காரியங்களை முடித்தவர் துபாசி. பாரசீகத்தில் வந்த கடிதம் ஒன்றன் உட்பொருள் தவறினால் போரே மூளக்கூடிய காலம் அது.

ஐதராபாத்து நிசாம் பதவிக்கு உரிமை கோரிய முசாபர் சங்கு, 1749-இல் ஆனந்தரங்கருக்கு மூவாயிரம் குதிரைக்குரிய மன்சப் பதவியை வழங்கினார். 'வசாரத் ராய விசய' என்ற விருதுப் பெயரும் அவருக்குக் கிடைத்தது. செங்கற்பட்டுக் கோட்டையின் தலைமையும் அப்பகுதியின் சாகீர் உரிமையும் பின்னர் வந்து சேர்ந்தன. பல்லக்கில் அமர்ந்து வாத்தியம் முழங்க ஆளுநர் மாளிகையின் முற்றம் வரை செல்லும் உரிமை அவருக்கு இருந்தது என்பர்.

இங்கு ஒன்று நினைவுகூரத்தக்கது. மணிமங்கலம் பின்னாளில் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த ஊர். எனவே புதுச்சேரியின் பிரெஞ்சு அவையில் பெருமை பெற்ற இப்பிரபுவின் பெயர் நம் வட்டாரத்தின் பதினெட்டாம் நூற்றாண்டு வரலாற்றோடும் இணைந்ததாகும். பிரெஞ்சுக்காரர் அளித்த செல்வாக்கு, முசுலிம் அரசர் அளித்த பட்டம், தமிழ் வணிகக் குடியில் பிறப்பு என்னும் மூன்றும் ஒருவரிடத்தே கூடியிருந்தன. அவர் கட்டிய இல்லத்தை நோக்குவார்க்கும் இக்கலப்புப் புலனாகும்.

மாளிகையின் அமைப்பு

புதுச்சேரி நகரை நெடுவாக்கில் ஓடும் பெரிய வாய்க்கால் இரு கூறாக்குகின்றது. கடலை ஒட்டிய கீழ்ப்பகுதி வெள்ளையர் வாழ்ந்தது. வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதி அமைந்தது. அதன் ஒரு பக்கத்தில் காசி வீதி, முல்லா வீதி முதலிய தெருக்களைக் கொண்ட முசுலிம் பகுதியும் உண்டு. காசி வீதி என்னும் பெயர் கங்கைக் கரைக் காசியைக் குறித்ததன்று. நீதி வழங்கும் காசியாரைக் குறித்தது. தமிழர் பகுதியில், பெரிய கடைத்தெருவை அடுத்து, இன்று ரங்கப் பிள்ளை வீதி என வழங்கும் தெருவில் ஆனந்தரங்கர் மாளிகை நிற்கின்றது. 1738-ஆம் ஆண்டளவில் இது கட்டப்பெற்றது என்பர்.

இம்மாளிகையின் தனிச்சிறப்பு, இரு தளங்களும் இரு வேறு மரபைச் சார்ந்திருத்தலாகும். கீழ்த்தளம் முழுமையும் தமிழ் மரபு. நடுவே வானம் நோக்கித் திறந்த முற்றம். அதைச் சூழ்ந்து தாழ்வாரம். தாழ்வாரத்தைத் தாங்கி நிற்கும் வேலைப்பாடமைந்த மரத்தூண்கள். மேல்தளத்திற்கு ஏறினாலோ காட்சி மாறுகின்றது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டெழுப்பிய வெண்ணிறத் தூண்கள் பிரெஞ்சுப் பாணியில் வரிசை பிடித்து நிற்கின்றன.

சங்க காலத்து மனைநூற் புலவர் கயிறிட்டு அளந்து திசை பார்த்து அரண்மனை வகுத்த முறையை நெடுநல்வாடை விரித்துரைக்கின்றது. அம்மரபு இடையறாது வந்தமைக்கு இக்கீழ்த்தளத்தைச் சான்றாகக் காட்டலாம். மேல்தளமோ கடல்கடந்து வந்த புதுமையை ஏற்றுக்கொண்ட மனத்திற்குச் சான்று. கீழே குடும்பமும் வழிபாடும் உறவும். மேலே விருந்தும் அரசியலும் வணிகமும் எனக் கருத இடமுண்டு. தமிழ் இலக்கணம் வாழ்வை அகம், புறம் எனப் பகுத்தது. இம்மாளிகையைக் காண்போர்க்கு அப்பகுப்பு நினைவுக்கு வருதல் இயல்பே.

ஆனந்தரங்கர் தம் மரபைத் துறந்து அயலாரைப் போல் வாழ விரும்பியவரல்லர். அயலாரை வெறுத்துக் கதவடைத்தவரும் அல்லர். எதைக் கொள்வது, எதை விடாதிருப்பது என்னும் தெளிவு அவருக்கு இருந்தது. எழுத்தில் எழுதப்படாத அத்தெளிவைச் சுவரிலும் தூணிலும் காண்கின்றோம்.

அரண்மனை வீழ்ந்தது, இல்லம் நின்றது

அக்காலப் புதுச்சேரியில் இதனினும் பன்மடங்கு பெரிய கட்டடம் ஒன்று இருந்தது. டூப்ளேயின் காலத்தில் நிறைவெய்திய ஆளுநர் அரண்மனையே அது. கோட்டைக்குள் அமைந்த அவ்வரண்மனையின் பெருமையைக் கண்டு வியவாதார் இலர்.

பின்னர் நிகழ்ந்தவை விரைந்து நிகழ்ந்தன. 1754-இல் டூப்ளே திருப்பி அழைக்கப் பெற்றார். 1758-இல் படைத்தலைவர் லாலி, கடலூரை அடுத்த ஆங்கிலேயரின் புனித தாவீது கோட்டையைக் கைப்பற்றி இடித்துத் தரைமட்டமாக்கினார். 1761 சனவரி 16-ஆம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபோது அதற்குப் பழிதீர்க்கப்பட்டது. கோட்டையும் அரண்மனையும் வெள்ளையர் நகரின் மாளிகைகளும் இடித்தழிக்கப் பெற்றன. நகரம் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1765-இல். அதன்பின் எழுந்ததே இன்று நாம் காணும் பிரெஞ்சுப் பகுதி.

ஆனந்தரங்கர் இவ்வழிவைக் காணவில்லை. நகரம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன்னரே, அதே சனவரித் திங்களில் அவர் மறைந்தார். அவருடைய இல்லம் மட்டும் அழிவுக்குத் தப்பி நின்றது. ஆளுநரின் அரண்மனையில் ஒரு சுவரும் எஞ்சாதிருக்க, அவருக்குத் துணைநின்ற தமிழரின் வீடு இன்று புதுச்சேரியின் மிகப் பழைய கட்டடங்களுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. 1761-க்கு முற்பட்ட புதுச்சேரியை நேரில் காண விழைவார்க்கு இம்மாளிகையை விட்டால் வேறு வழி மிகக் குறைவு.

நாட்குறிப்பும் இல்லமும்

ஆனந்தரங்கர் பெயரைத் தமிழுலகம் போற்றுவது அவருடைய நாட்குறிப்பின் பொருட்டே. 1736 செப்டம்பர் 6-ஆம் நாள் தொடங்கி 1761 சனவரி வரை, ஏறத்தாழ 25 ஆண்டுகள் அவர் எழுதி வந்தார். கப்பல் வந்தது, போனது, ஆளுநர் சொன்னது, அவர் மனைவி சொன்னது, சந்தை விலை, போர்ச் செய்தி, ஊர் வழக்கு என அனைத்தும் அதில் உண்டு. எழுத்துநடை அன்றைய பேச்சு நடை. நவாபு, திவான், வக்கீல், பர்வானா முதலிய அரபு பாரசீகச் சொற்களும் ஐரோப்பியச் சொற்களும் அதில் இயல்பாகக் கலந்து வருகின்றன. தமிழ் உரைநடை வளர்ச்சியை ஆராய்வார்க்கு இஃதொரு சுரங்கம்.

இந்நாட்குறிப்பு பதிவு செய்த நிகழ்ச்சிகளுள் முசுலிம் வரலாற்றோடு தொடர்புடையன பல. 1740-இல் தாமல்செருவுப் போரில் ஆர்க்காட்டு நவாபு தோசுத் அலி மராட்டியரிடம் தோற்று உயிர்நீத்தார். அவருடைய குடும்பத்தாரும் அவர் மருகர் சந்தா சாகிபின் குடும்பத்தாரும் அடைக்கலம் நாடிப் புதுச்சேரிக்கு வந்தனர். அன்றைய ஆளுநர் டூமா கோட்டைக் கதவைத் திறந்து அவர்களை ஏற்றுக்கொண்டார். மராட்டியர் மிரட்டியும் விட்டுக்கொடுக்க மறுத்தார். அடைக்கலம் தந்த கோட்டை இன்றில்லை. அந்நாட்களைக் கண்டு எழுதியவரின் வீடு இருக்கின்றது.

நாட்குறிப்பு நமக்குக் கிடைத்த வரலாறும் சிந்திக்கத்தக்கது. எழுதியவர் மறைந்து 85 ஆண்டுகள் கழித்து, 1846-இல், கல்வா மோம்ப்ரன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதனைக் கண்டறிந்து படியெடுத்தார். எதுவார் ஆரியேல் என்பாரும் படியெடுத்துப் பாரிசு நகருக்கு அனுப்பினார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசு 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. தமிழ் மூலமும் பிற்காலத்தில் அச்சேறியது. எழுத்தாளர் பிரபஞ்சன் இதனை அடிப்படையாகக் கொண்டு 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்னும் புதினங்களைப் படைத்தார். பின்னது 1995-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது.

ஏடு செல்லரித்தாலும் அதன் படி ஒன்று எங்கேனும் எஞ்சினால் நூல் பிழைத்துக்கொள்ளும். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடியதும் அதனாலன்றோ? இல்லத்திற்கு இவ்வாய்ப்பு இல்லை. ஆனந்தரங்கரின் சொற்களை எத்தனை படி வேண்டுமாயினும் எடுக்கலாம். அவர் நடந்த தாழ்வாரத்தைப் படியெடுக்க இயலாது. வரைபடம் எடுக்கலாம், ஒளிப்படம் எடுக்கலாம், அதே அளவில் புதிதாக ஒன்று கட்டவும் செய்யலாம். ஆயினும் அம்மரத்தின் வயதும் தச்சன் உளி பட்ட தடமும் புதியதில் வாரா. இல்லம் ஒற்றை ஏடு. அது போனால் போனதே.

சுண்ணாம்பும் மரமும்

பழைய இல்லங்கள் ஏன் அழிகின்றன? போரால் அழிந்தன சில. மழையாலும் அறியாமையாலும் அழிந்தனவே மிகப் பல. இதனைச் சற்று விளக்குதல் பயன் தரும்.

பழைய மெத்தை வீடுகளில் மேல்தளம் அமைத்த முறை இது: சுவருக்குச் சுவர் மர உத்திரங்களைப் பரப்பி, அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் இணைப்பர். அதன்மேல் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்து இட்டுக் கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்குவர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சாந்தில் கலப்பதும், சுவரை மெருகிட முட்டையின் வெண்கருவைச் சேர்ப்பதும் அக்காலக் கொத்தர்களின் கைமுறை.

சுண்ணாம்புச் சுவருக்கு ஓர் இயல்புண்டு. ஈரத்தை உள்வாங்கி வெயிலில் வெளிவிடும். வீடு மூச்சு விடுகின்றது என முதியோர் சொல்வது இதனைத்தான். இத்தகைய சுவரில் விரிசல் கண்டவுடன் சிமெண்டு கொண்டு பூசினால் என்னாகும்? சிமெண்டு ஈரத்தை வெளிவிடாது. உள்ளே தங்கிய ஈரம் சுவரின் செங்கல்லை அரிக்கும். உத்திரத்தின் முனை சுவருக்குள் புதைந்துள்ள இடத்தில் மரத்தை உளுக்கச் செய்யும். வெளியே பார்க்கப் பளபளப்பாக இருக்கும் வீடு உள்ளே நோயுற்றிருக்கும். மேல்தளத்து விரிசலில் பறவை இட்ட ஆலம்விதையோ அரசவிதையோ முளைத்து வேரோடினால் கேடு இரட்டிப்பாகும். ஆண்டுதோறும் மழைக்கு முன் முளையைக் களைந்து, ஓட்டை மாற்றி, வெள்ளையடித்து வந்த குடும்பங்களின் வீடுகள் நூற்றாண்டுகளைக் கடந்து நின்றன. பூட்டிவிட்டு அயலூர் சென்ற குடும்பங்களின் வீடுகள் சில மழைக்காலங்களிலேயே சரிந்தன.

இதற்கு மேலும் ஓர் இடர் உண்டு. உடன்பிறந்தார் பலர்க்கு உரிமையான வீட்டில் பழுது பார்க்கும் செலவை ஏற்பார் எவருமிலர். விற்றால் வரும் பணத்தைப் பெற அனைவரும் உளர். தூணும் நிலையும் கதவும் தனித்தனியே விலைபோகின்றன. வீட்டின் உறுப்புகள் ஏதோ ஒரு நகரத்து விடுதியை அலங்கரிக்க, வீடு நின்ற மனையில் புதுக் கட்டடம் எழுகின்றது.

பிரான்சு நாட்டு நெறி

பிரான்சு நாடும் இவ்விடரைக் கடந்து வந்ததே. 1789-இல் எழுந்த புரட்சியில் பிரபுக்களின் மாளிகைகள் பல சூறையாடப்பட்டன. வெறுக்கப்பட்ட ஒரு வகுப்பாரின் வீடுகளை ஏன் காக்க வேண்டும் என்ற வினா அங்கு வலுவாக எழுந்தது. அவை கொடுங்கோலர்க்கு உரியன அல்ல, மக்களுக்கு உரியன என்று வாதிட்டோரும் அப்புரட்சியாளரிடையே இருந்தனர். கலைச்செல்வங்களை அழிப்பதைக் கண்டித்து அருட்தந்தை கிரெகுவார் 1794-இல் அறிக்கை அளித்தார்.

1830-இல் வரலாற்றுச் சின்னங்களுக்கெனத் தலைமை ஆய்வாளர் பதவி உருவாக்கப் பெற்றது. 1834-இல் அப்பதவியேற்ற எழுத்தாளர் மெரிமே நாடெங்கும் பயணம் செய்து பழைய கட்டடங்களை ஆராய்ந்தார். 1840-இல் முதற் பட்டியல் வெளிவந்தது. 1887-இலும் 1913-இலும் சட்டங்கள் இயற்றப் பெற்றன. 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தனியார்க்கு உரிய வீடாயினும் அது பட்டியலில் இடம்பெற்றுவிட்டால் அரசின் இசைவின்றி இடிக்கவோ மாற்றவோ இயலாது. அதற்கு ஈடாகப் பழுதுபார்க்கும் செலவில் அரசு பங்கேற்கும். 1943-இல் இக்காப்பு, சின்னத்தைச் சுற்றி 500 மீட்டர் வரை விரிந்தது. 1962 ஆகசுட்டு 4-ஆம் நாள், பண்பாட்டு அமைச்சர் மல்ரோவின் பெயரால் வழங்கும் சட்டம் வந்தது. தனிக் கட்டடத்தோடு நில்லாமல் பழைய நகர்ப்பகுதி முழுவதையும் ஒரு தொகுதியாகக் காக்க அது வழிவகுத்தது. 1984 முதல் ஆண்டில் சில நாட்கள் மரபுக் கட்டடங்களின் கதவுகள் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. வழக்கமாகப் பூட்டியிருக்கும் தனியார் மாளிகைகளும் அவற்றுள் உண்டு.

மல்ரோ சட்டம் பிறந்த பன்னிரண்டாம் நாள், அதாவது 1962 ஆகசுட்டு 16-ஆம் நாள், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. பிரெஞ்சு நாட்டின் மிகச் சிறந்த நகர்க்காப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே காலத்தில், பிரெஞ்சுக்காரர் அமைத்த நகரம் அதன் எல்லைக்கு வெளியே வந்துவிட்டது. இனிப் புதுச்சேரியைக் காக்கும் பொறுப்பு நம்முடையதாயிற்று.

நம் நாட்டுச் சட்டமும் வக்ஃபு நெறியும்

நம் நாட்டில் 1958-ஆம் ஆண்டுத் தொன்மைச் சின்னங்கள் சட்டம் தேசியச் சிறப்புடைய சின்னங்களைக் காக்கின்றது. 2010-இல் செய்யப்பெற்ற திருத்தத்தின்படி, காக்கப்பெற்ற சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. தமிழகத்திற்கென 1966-இல் தனிச் சட்டம் வந்தது. மரபுக் கட்டடங்களுக்கென ஆணையம் அமைக்கும் சட்டம் 2012-இல் இயற்றப் பெற்றது. இவை இருந்தும், கோயில், கோட்டை, கல்வெட்டு ஆகியவற்றுக்குக் கிடைத்த காப்பு மக்கள் வாழும் இல்லங்களுக்கு அதே அளவில் கிட்டியதாகச் சொல்வதற்கில்லை. என் வீட்டை நான் இடிப்பதைத் தடுக்க நீ யார் என்னும் வினா எழும்போது பலரும் வாயடைத்து நிற்கின்றனர்.

அவ்வினாவுக்கு விடைகாண இசுலாமியச் சட்டத்தின் வக்ஃபு நெறி ஓரளவு துணைசெய்யும். ஒருவர் தம் உடைமையை அறத்திற்கென அர்ப்பணித்தால் அதன் முதல் அப்படியே நிற்க, பயன் மட்டும் உரியோரைச் சென்றடைய வேண்டும். முதலை விற்கவோ கொடையளிக்கவோ அழிக்கவோ எவருக்கும் உரிமையில்லை. அதனை நிருவகிக்கும் முத்தவல்லி காவலரேயன்றி உரிமையாளர் ஆகார். மரபு இல்லத்தின் உரிமையாளர் தம் சொத்தை வக்ஃபு செய்தவர் அல்லர். உரிமை அவரிடமே உள்ளது. எனினும், முந்தையோர் தந்த முதலைச் சிதைக்காமல் பிந்தையோரிடம் சேர்ப்பது கடமை என்னும் எண்ணம் இரண்டிற்கும் பொது. அக்கடமையை ஒருவர் தலையில் மட்டும் சுமத்துதல் நேர்மையாகாது. பயன் ஊருக்கு என்றால் செலவிலும் ஊர் பங்கேற்க வேண்டும்.

சேப்பாக்கமும் புதுவை நகராட்சி மன்றமும்

அண்மைக் கால நிகழ்ச்சிகள் இரண்டு இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கன.

சென்னைச் சேப்பாக்கம் அரண்மனை 1768-இல் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாசாவுக்காகக் கட்டப்பெற்றது. 1855-இல் கடைசி நவாபு மறைந்தபின் அது அரசின் உடைமையாகி அலுவலகங்கள் இயங்கும் இடமாயிற்று. 2012 சனவரியில் அதன் கலசமகால் பகுதி தீக்கிரையாயிற்று. கூரை வீழ்ந்து சுவர் கரிந்து நின்ற அக்கட்டடத்தை இடித்துவிடலாம் என எவரும் எண்ணக்கூடும். ஆயினும் பொதுப்பணித்துறை சுண்ணாம்பும் செங்கல்லும் மரமும் கொண்டு பழைய முறைப்படியே சீரமைத்தது. கைவினை மறவாத கொத்தரும் தச்சரும் அதற்குத் துணைநின்றனர்.

புதுச்சேரிக் கடற்கரையில் 1870-களில் எழுந்த நகராட்சி மன்றக் கட்டடத்தின் கதை வேறு. நெடுங்காலம் பழுதுற்றுக் கிடந்த அது, 2014 நவம்பர் 29-ஆம் நாள் பெருமழையில் இடிந்து வீழ்ந்தது. அதே தோற்றத்தில் புதுக் கட்டடம் எழுப்பப்பெற்று 2021-இல் திறக்கப்பட்டது. அதனைக் காண்போர் மகிழ்வர். எனினும் அது மூலமன்று. மூலத்தைப் பார்த்து எழுதிய படி. காலத்தில் செய்த சிறு பழுதுபார்ப்பு மூலத்தையே காத்திருக்கும்.

இதே புதுச்சேரியில் நன்முயற்சிகளும் உண்டு. வைசியாள் வீதி எனப்படும் கால்வே சுப்பராயச் செட்டி வீதியில், திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட தமிழ் வீடுகளை வீட்டுக்காரர்களின் ஒத்துழைப்போடு வரிசையாகச் சீரமைத்தனர். யுனெசுகோ நிறுவனம் 2008-இல் அதற்கு ஆசிய பசிபிக் மரபுக் காப்புப் பரிசளித்துப் பாராட்டியது. இன்டாக் அமைப்பு இப்பணியில் முன்னின்றது. ஒரு வீடு தப்பினால் அது காட்சிப் பொருள். ஒரு தெரு தப்பினால் அது வாழும் மரபு.

மணிமங்கலத்து மாணவர்க்கு

இனி நம் ஊருக்கு வருவோம். திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதியில் தொழிற்சாலைகள் பெருகியதால் வேலைவாய்ப்பு வந்தது, சாலை வந்தது, நிலத்தின் விலை ஏறியது. இவற்றைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. இவ்வட்டாரத்துக் குடும்பங்கள் பல வறுமை நீங்கியது இதனாலேயே. ஆயினும் மனையின் விலை வீட்டின் விலையை விஞ்சும்போது முதலில் இடிபடுவது பழைய வீடு. நாட்டு ஓடு வேய்ந்த கூரையும் வழிப்போக்கர் அமர்ந்த திண்ணையும் இவ்வட்டாரத்து ஊர்களில் ஆண்டுக்காண்டு குறைந்து வருவதைக் கண்ணால் காண்கின்றோம்.

வீடு மறையும்போது மொழியும் ஒரு பகுதி மறைகின்றது. ரேழி, நடை, கூடம், பட்டாசாலை, இறவாணம், கைமரம், வளை, உத்திரம், போதிகை, நிலைப்படி ஆகிய சொற்களுள் எத்தனைக்கு இன்றைய மாணவர் பொருள் சொல்ல வல்லவர்? காயல்பட்டினத்தில் பெண்டிர் தம்முள் சென்றுவர வீடுகளுக்குப் பின்னே அமைந்த சந்துக்கு முடுக்கு என்று பெயர். அத்தெரு அமைப்பு மாறினால் அச்சொல்லும் அச்சொல் சுட்டிய வாழ்க்கை முறையும் அகராதியில் மட்டுமே எஞ்சும். இல் என்னும் சொல் வீட்டைக் குறிப்பது. ஏழாம் வேற்றுமை உருபாக நின்று இடத்தையும் குறிப்பது. இடம் என்னும் கருத்தையே வீட்டின் பெயரால் உணர்த்தும் மொழி நம்முடையது.

எல்லா வீட்டையும் காக்க இயலாது என்பது உண்மை. குறிப்பெடுக்க இயலும். எம் மாணவர்க்கு யாம் வேண்டுவது பெரிதன்று. உங்கள் ஊரில் உள்ள பழைய வீடு ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். வீட்டாரின் இசைவு பெற்று அதன் நீள அகலத்தை அளந்து தாளில் வரையுங்கள். ஒவ்வோர் உறுப்புக்கும் வீட்டு முதியோர் வழங்கும் பெயரைக் கேட்டு எழுதுங்கள். எவர் காலத்தில் கட்டியது, மரம் எங்கிருந்து வந்தது, கொத்தர் எவ்வூரார் என்பனவற்றையும் குறியுங்கள். ஒளிப்படம் எடுத்து இணையுங்கள். அவ்வேட்டைத் துறை நூலகத்தில் சேர்த்துவிட்டால் நூறாண்டு கழித்து வரும் ஆய்வாளனுக்கு அது பெருந்துணையாகும். நாள்தோறும் சில வரிகள் எழுதிய ஆனந்தரங்கர் பிற்காலத்தார் இத்துணை ஆராய்வர் என எதிர்பார்த்தா எழுதினார்?

முடிவுரை

மணிமங்கலத்துக் களத்தில் வென்றவனும் தோற்றவனும் மறைந்து ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அவர்தம் பெயரைச் செப்பேடு காத்தது. புதுச்சேரியில் டூப்ளேயின் அரண்மனை மண்ணோடு மண்ணாயிற்று. அவர் காலத்தைத் தமிழ் நாட்குறிப்பு ஒன்று காத்தது. அந்நாட்குறிப்பை எழுதியவரின் இல்லமும் தெய்வாதீனமாக எஞ்சியது. எஞ்சியதைக் காக்கும் பொறுப்பைத் தெய்வாதீனத்திடமே விட்டுவிடுதல் அறிவுடைமையாகாது.

அயல்நாட்டு மரபையும் தன் மரபையும் ஒரே கூரையின்கீழ் வைத்துப் போற்றிய ஆனந்தரங்கர் மாளிகையை மாணவர்கள் புதுச்சேரி செல்லுங்கால், உரியோர் இசைவு பெற்றுக் கண்டு வருக. திரும்பி வந்து தத்தம் தெருவில் எஞ்சியிருக்கும் பழைய திண்ணையையும் ஒருமுறை நின்று நோக்குக. நம் அரசியலமைப்பின் 51அ பிரிவு, நம் பன்முகப் பண்பாட்டின் வளமிக்க மரபைப் பேணுதலைக் குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமையாக விதித்துள்ளது. அக்கடமை நம் வீட்டு வாசற்படியிலிருந்தே தொடங்குவதாகுக.